பூஜைக்கு வைத்த லேப்டாப்

எங்கள் வீட்டில் ஒரு லேப்டாப் இருந்தது. அதை நான் ஒருநாளும் வீட்டு லேப்டாப் என்று சொன்னதில்லை. என் லேப்டாப் என்றுதான் சொல்வேன். என் மகள் அதில் கல்லூரி ப்ராஜெக்ட் செய்திருக்கிறாள், என் கணவர் அதில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்திருக்கிறார். இருந்தாலும் அது என்னுடையதுதான். நான் சம்பாதித்து, புனே கேம்ப் பஜாரில் ஒரு கடையில் நானே பேரம் பேசி வாங்கியது. எனக்குக் கொஞ்சம் திமிர் அதிகம் என்று புகுந்த வீட்டில் சொல்வார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

நாங்கள் இருந்தது புனேயை ஒட்டிய கட்கியில், ஃபேக்டரி குவார்ட்டர்ஸில். எங்கள் தமிழ் ஆட்கள் அந்த ஊரை கிர்க்கி என்பார்கள். என் அப்பாவும் அங்கேதான் ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார், என் கணவரும் அங்கேதான். நான் பி.காம். படித்துவிட்டு, கட்கி பஜாரில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு, பல வருடம் சும்மா இருந்தேன். சும்மா என்றால் சமையல், குழந்தை, தண்ணீர் பிடிப்பது, ரேஷன் எல்லாம் சேர்ந்த சும்மா. தொண்ணூறுகளின் கடைசியில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்று புனே முழுக்க போர்டு முளைத்தது. அமெரிக்காவில் டாக்டர் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு அவரைப் பற்றி வாயால் பேசிப் பதிவு செய்வார். அந்தப் பேச்சு இங்கே வரும். காதில் ஹெட்ஃபோன் மாட்டி, காலால் பெடலை அழுத்தி நிறுத்தி நிறுத்திக் கேட்டு, பிழையில்லாமல் டைப் அடித்து அனுப்ப வேண்டும். அதற்கான கோர்ஸில் என்னோடு சேர்ந்த இருபது பேரில் பாதிப் பேர் முதல் மாதத்திலேயே ஓடிவிட்டார்கள். நான் ஓடவில்லை, முடித்து ஒரு கம்பெனியில் வேலைக்கும் சேர்ந்தேன்.

அந்த டாக்டர்கள் பேசுவதைக் கேட்டால்தான் அதன் கஷ்டம் தெரியும். ஒருவர் மென்றுகொண்டே பேசுவார், ஒருவர் கார் ஓட்டிக்கொண்டே பேசுவார், ஒருவருக்கு வாக்கியத்தை முடிக்கும் பழக்கமே கிடையாது. நோய் என்ன, உறுப்பு எது, அதற்கு எந்த மருந்து கொடுப்பார்கள் என்று தெரிந்தால்தான் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று பிடிக்க முடியும். யாருக்கும் புரியாத டாக்டர்களின் பதிவுகளைக் கம்பெனியில் எனக்கென்று ஒதுக்கி வைப்பார்கள். இதை நான் தலைக்கனத்தோடுதான் எழுதுகிறேன்.

இரண்டு வருடம் ஆபீஸ் போன பிறகு வீட்டிலிருந்தே செய்யலாம் என்று கம்பெனி விட்டது. அப்போதுதான் லேப்டாப் வாங்கினேன். டெஸ்க்டாப் மலிவு, ஆனால் புனேயில் வியாழக்கிழமை என்றால் கரண்ட் போய்விடும். பேட்டரி உள்ள மெஷின் இருந்தால்தான் பிழைப்பு. சாப்பாட்டு மேஜையின் ஒரு பாதி என் ஆபீஸானது. மறு பாதியில் மற்றவர்கள் சாப்பிட்டார்கள்.

ஆறு வருடம் அது பாடுபட்டது. பிறகு சூடாக ஆரம்பித்தது. முதலில் மெதுவானது, பிறகு அடித்துக்கொண்டிருக்கும்போதே அப்படியே அணைந்துபோனது. கவிழ்த்த எவர்சில்வர் தட்டின்மேல் அதை வைத்து, பக்கத்தில் டேபிள் ஃபேனைத் திருப்பி விட்டுக்கொண்டு வேலை செய்தேன். ஒரு நோயாளியின் கதையை மூன்று தடவை அடிக்க வேண்டி வந்தது. அந்த நேரம் பார்த்துக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. புது சாஃப்ட்வேர் வருகிறது, அதற்கு இப்போது இருப்பதைப்போல் இரண்டு மடங்கு மெமரி வேண்டும், மாதக் கடைசியில் எல்லோருடைய மெஷினையும் சோதித்துப் பார்ப்போம், ஓடாதவர்களுக்கு வேலை அனுப்ப முடியாது என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

கேம்ப்பில் வாங்கின கடைக்கே தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் அதைப் போட்டுப் பார்த்தார், அது அவர் கையிலேயே அணைந்தது. மெமரி போடலாம், ஆனால் மதர்போர்டே போய்விட்ட மாதிரி தெரிகிறது, இதில் காசைக் கொட்டாதீர்கள், புதுசு வாங்குங்கள் என்று இந்தியில் அறிவுரை சொன்னார். திறந்து பார்க்கவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் கடையில் புதுசு அடுக்கி வைத்திருந்தது.

என் மகள் அப்போதுதான் மகர்பட்டா ஐ.டி. பார்க்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் குஷியாகிவிட்டாள்.

"சோடூன் தே மம்மி, அந்த டப்பாவை விட்டுத் தள்ளு. நான் உனக்குப் புதுசு வாங்கித் தர்றேன். ஃபர்ஸ்ட் சேலரி, நல்லதுக்குப் போகட்டும்."

படத்தையும் காட்டினாள். சின்னதாக, வெள்ளையாக, டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒன்று. அதில் வேலூரில் இருக்கும் சித்தியிடம் முகம் பார்த்துப் பேசலாமாம், போட்டோ பார்க்கலாமாம், விட்டுப்போன சீரியல் பார்க்கலாமாம். என் சாஃப்ட்வேர் அதில் ஓடுமா என்று கேட்டேன். அவள் சிரித்தாள்.

"இனிமே எதுக்கு மம்மி வேலை? நான்தான் இருக்கேனே."

என் கணவரும் சேர்ந்துகொண்டார். அவள் சொல்வதும் சரிதான், இத்தனை வருடம் செய்தது போதும், கண்ணும் காதும் என்னத்துக்கு ஆகும், உட்கார்ந்து ஓய்வெடு என்றார். அவருக்கு என்மேல் அக்கறை இல்லை என்று சொல்லமாட்டேன். அக்கறையாகத்தான் சொன்னார், அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. எனக்கும் அவருக்கும் நாலு வயதுதான் வித்தியாசம். மகள் சம்பாதிக்கிறாள், நீங்கள் உழைத்தது போதும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. பழையதைச் சரி செய்வதா புதுசு வாங்குவதா என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, இவர்கள் இரண்டு பேரும் எனக்கு ரிட்டையர்மென்ட் பார்ட்டி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு நான் சண்டை போடவில்லை. சண்டை போட்டால் மகளின் முதல் சம்பளத்தில் மண் விழுந்த மாதிரி ஆகிவிடும். நானே கடனை உடனை வாங்கிப் பெரிய லேப்டாப் ஒன்று எடுத்துவிடலாமா என்று இரண்டு நாள் கணக்குப் போட்டேன். சரி, முதலில் பழையதில் இருப்பதைக் காப்பாற்றுவோம் என்று தோன்றியது. அதில் நான் செய்து வைத்த சுருக்கங்கள் இருந்தன. மூன்று எழுத்து தட்டினால் ஒரு முழு வாக்கியம் வந்து விழும். எந்த டாக்டர் எதை எப்படிச் சொல்வார் என்று பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. என் வேகம் முழுக்க அதில்தான் இருந்தது.

காப்பி செய்ய உட்கார்ந்தால் பாதியில் அணைந்தது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்து வேறு மெஷினில் மாட்டி எடுக்கலாம் என்றாள் மகள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுத் தட்டுகளை ஒதுக்கிவிட்டு மேஜையில் பழைய பெட்ஷீட்டை விரித்தோம். அவள் ஸ்க்ரூடிரைவரை எடுத்ததும் கணவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"மெஷின் வேலைன்னா என்கிட்ட குடு. நீங்க கம்ப்யூட்டர்காரங்க ஸ்க்ரூவ திருகியே சாவடிச்சிருவீங்க."

பெருமைக்காகச் சொல்லவில்லை, அவர் கை அப்படிப்பட்டதுதான். மில்லிங் மெஷினில் இருபது வருடத்துக்குமேல் நின்றவர். பொறுமையாக ஒவ்வொரு ஸ்க்ரூவாக எடுத்து, எந்த ஓட்டையில் இருந்ததோ அதே வரிசையில் பெட்ஷீட்டில் வைத்தார். அடிமூடியைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

உள்ளே சின்ன ஃபேன் ஒன்று இருந்தது. அதைச் சுற்றிலும் கம்பளி மாதிரி ஒரு படலம். சாதாரண தூசி என்றால் சாம்பல் நிறமாக இருக்கும். இது சிவப்பு. குங்குமச் சிவப்பு. நடுநடுவே விபூதியின் வெள்ளை, ஒரு காய்ந்த சாமந்தி இதழ், ஃபேனின் இறக்கைகளுக்கு நடுவில் உடைந்த பொரி. ஒன்றிரண்டு இல்லை, நன்றாக ஒரு சிட்டிகை தேறும்.

எங்களுக்கு உடனே விளங்கிவிட்டது. ஃபேக்டரிக்காரர்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் தீபாவளியைவிடப் பெரிது. ஃபேக்டரியில் எல்லா மெஷினுக்கும் குங்குமம் வைத்து, மாலை போட்டு, தேங்காய் உடைத்து, கடைசியில் மெஷினை ஒரு சுற்று ஓட விடுவார்கள். ஓடினால்தான் பூஜை முடிந்த கணக்கு. என் கணவர் அதே முறையை வீட்டிலும் வைத்திருந்தார். வாழை இலையில் பொரியும் பூவும் பரப்பி, அதன்மேல் கருவிகளை வைப்பார். லேப்டாப்பை மூடி வைக்க விடமாட்டார். திறந்து, குங்குமம் தூவி, விபூதி பூசி, பிறகு பட்டனை அழுத்தி ஓட விடுவார். கற்பூரம் தணியும்வரை அது பொரியின்மேல் உட்கார்ந்து ஓடும். அதன் ஃபேன் அடியிலிருந்துதான் காற்றை இழுக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. ஆறு பூஜைப் பிரசாதத்தையும் அது ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறது.

மகள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இருபது வருடம் மெஷினோடு குடும்பம் நடத்தியவர், லேத்தின் மோட்டாருக்குள் பொரி போடுவீர்களா அப்பா என்று கேட்டாள். அவர் குனிந்து பொரியையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. வேறு ஒன்று வந்தது. இந்த மனிதர் இத்தனை வருடமாக என் வேலையை ஒரு தடவைகூட வாயால் மெச்சியதில்லை. டைப் அடிக்கிறாள் என்றுதான் வெளியில் சொல்வார். ஆனால் பூஜை இலையில் அவருடைய அளவுக் கருவிகளான மைக்ரோமீட்டர், வெர்னியர் எல்லாவற்றுக்கும் முன்னால், சாமி படத்துக்கு நேர் கீழே, என் லேப்டாப்பைத்தான் வைத்திருக்கிறார். குங்குமத்தையும் கஞ்சத்தனம் இல்லாமல் போட்டிருக்கிறார், சாட்சி உள்ளே கிடந்தது. அந்தச் சிவப்புக் கம்பளியைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

சவரம் செய்யும் பிரஷ்ஷை எடுத்து வந்து ஒவ்வொரு இறக்கையாக அவரே துடைத்தார். பொரியைக் குண்டூசியால் எடுத்தார். மூடி மாட்டிப் போட்டோம். ஃபேன் சத்தமில்லாமல் சுற்றியது. அன்று மாலைவரை நான் வரிசையாக வேலை பார்த்தேன், ஒரு தடவைகூட அது அணையவில்லை. மறுநாள் கேம்ப்புக்குப் போய், என் காசில், மெமரி வாங்கிப் போட்டுக்கொண்டேன். போர்டு போய்விட்டது என்று சொன்ன கடைக்காரர் எப்படிச் சரியானது என்று கேட்டார். வீட்டில் ஒரு மெக்கானிக் இருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். மாதக் கடைசியில் புது சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்த்தார்கள். கொஞ்சம் முனகிவிட்டு ஓடியது. என் பெயர் பட்டியலில் அப்படியே இருந்தது.

மகளுக்குத்தான் முகம் வாடிவிட்டது. இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் கேட்டாள்.

"அப்போ என் ஃபர்ஸ்ட் சேலரில உனக்கு ஒண்ணுமே வேணாமா மம்மி?"

"வேணும். உன் ஆபீஸ்ல நீ உக்கார்றியே, அந்த மாதிரி ஒரு நாற்காலி வாங்கிக் குடு. பிளாஸ்டிக் சேர்ல முதுகு போவுது. எனக்கு இன்னும் நிறைய வருஷம் வேலை இருக்கு."

அவள் முகத்தில் ஏதோ மாறியது. சாரி என்று அவளும் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. முதுகு எந்த இடத்தில் வலிக்கிறது, மேஜை எவ்வளவு உயரம், கை வைக்க இடம் வேண்டுமா என்று கேட்டாள். ஆபீஸில் ஒருவரிடம் பேசுவதுபோல் கேட்டாள்.

அடுத்த சனிக்கிழமை நாற்காலி டெம்போவில் வந்து இறங்கியது. கறுப்பு, சக்கரம் வைத்தது, சாய்ந்தால் கூடவே சாய்வது. இரண்டு ரூம் குவார்ட்டர்ஸில் அதற்கு இடம் பண்ண பீரோவை நகர்த்த வேண்டியிருந்தது. கணவர் முணுமுணுத்துக்கொண்டே நகர்த்தினார்.

கொஞ்ச நாள் கழித்து வேலூரிலிருந்து அவருடைய அண்ணன் வந்தார். எங்கள் வீட்டில் மூத்தார் என்றால் மூத்தார்தான். அவர் முன்னால் நான் உட்கார்ந்து பேசியதில்லை, அவர் உட்கார்ந்த இடத்தை யாரும் கேட்டதில்லை. வந்தவர் நேராக அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நல்லா மெத்துனு இருக்கே என்று ஒரு சுற்றுச் சுற்றினார். எனக்கு வேலை வரும் நேரம். சமையலறை வாசலில் நின்றபடி, அவர் எழுந்திருக்கட்டும் என்று காத்திருந்தேன். கேட்க எனக்கே வாய் வரவில்லை.

என் கணவர் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார்.

"அண்ணா, இப்பிடி கட்டில்ல வந்து உக்காருங்க. அது அவ நாற்காலி. அவளுக்கு டியூட்டி டைம் ஆச்சு."

குவார்ட்டர்ஸில் டியூட்டி என்றால் ஃபேக்டரி வேலை மட்டும்தான். பெண்கள் வீட்டில் செய்யும் எதற்கும் அந்தச் சொல்லை யாரும் சொன்னதில்லை. மூத்தார் தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு எழுந்து கட்டிலுக்குப் போனார்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் முன்னாலேயே உட்கார்ந்தேன். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன்.