அக்காவின் சஷ்டியும் என் ஈரலும்

கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், என்னையும் என் அக்காவையும் ஒரே மேசைக்கு முன்னால் உட்கார வைத்து, உணவு ஆலோசகராக இருந்த பெண் ஆளுக்கொரு தாளை நீட்டினார். என் தாளைச் சுருக்கிச் சொன்னால், பாதி வயிறு பட்டினி கிட என்று இருந்தது. அக்காவின் தாளில், பகலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிற்றோடு இருக்காதே, படுக்கப் போகும் முன்பு கட்டாயம் ஏதாவது சாப்பிடு என்று இருந்தது. இத்தனைக்கும் இரண்டு பேருக்கும் ஒரே வியாதி. ஈரலில் கொழுப்பு. எனக்கு அது ஆரம்பம், அவளுக்கு அது முற்றிப்போய் ஈரலே சுருங்கி இறுகிவிட்டது.

நான் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் தரப் பரிசோதனை பார்க்கிறவன். ஒரு ஷாஃப்டைக் கையில் கொடுத்தால், வெர்னியர் வைத்து அளக்காமல் அது சரி என்று என் வாயிலிருந்து வராது. கல்யாணமான புதிதில் குக்கர் விசிலுக்குக் கடிகாரம் வைத்துப் பார்த்து மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால் இரண்டு தாளையும் பார்த்தபோது எனக்குப் பயத்துக்கு முன்னால் வந்தது சந்தேகம்தான். எனக்கு மருந்தாக இருக்கிற பட்டினி அக்காவுக்கு எப்படி ஆகாமல் போகும்?

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். அன்னூருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். பல வருஷமாகச் சர்க்கரை நோய் உண்டு. விஷயம் கேள்விப்பட்டுப் பார்க்க வந்தவர்களில் ஒருவர், "ஈரல் கெட்டுப்போச்சுன்னா குடிக்கிறவங்களுக்குத்தானுங்க வரும்?" என்று அக்காவையே மேலும் கீழும் பார்த்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவருக்குக் காப்பி கொடுக்கச் சொல்ல மறந்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது.

வேறு ஈரல் வைத்தால்தான் பிழைப்பாள் என்று டாக்டர் சொன்னார். உயிரோடு இருக்கிற ஒருவரின் ஈரலில் ஒரு பகுதியை எடுத்து வைக்கலாம், இரண்டு பேருக்கும் அது திரும்ப வளர்ந்துவிடும். மச்சானுக்கு வயது தாண்டிவிட்டது. அக்காவின் மகள் கைக்குழந்தைக்காரி. மிச்சம் இருந்தது நான். ரத்த வகை பொருந்தியது. ஆனால் ஸ்கேனில் என் ஈரலிலும் கொழுப்பு தெரிந்தது. "இதை இப்பிடியே எடுத்தா உங்களுக்கும் ஆபத்து, அக்காவுக்கும் சரியா வேலை செய்யாதுங்க. ஒன்றரை மாசத்துல கரைச்சுட்டு வாங்க, பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்.

அப்படித்தான் அந்த மேசைக்கு முன்னால் வந்து சேர்ந்தோம். நான் என் சந்தேகத்தைக் கேட்டேன். அந்தப் பெண்ணுக்குப் பொறுமை அதிகம்.

"உங்க ஈரல் ஒரு குடோன்னு வெச்சுக்கங்க. சாப்பிட்டதுல வர்ற சர்க்கரையை வாங்கி அடுக்கி வெச்சுக்கும். நீங்க சாப்பிடாதப்ப எடுத்துக் குடுக்கும். அது தீர்ந்தாத்தான் கொழுப்பு மேல கை வைக்கும். நீங்க குடோனை ரொப்பிக்கிட்டே இருந்தா பழைய சரக்கு எப்பிடிங்க வெளிய போகும்?"

"அக்காவுக்கு?"

"அவங்களுது சுவர் இடிஞ்ச குடோனுங்க. சேத்தி வைக்க இடமே இல்லை. நாம ரெண்டு மூணு நாள் பட்டினி கெடந்தா எந்த நிலைமைக்குப் போவமோ, அங்க அவங்க உடம்பு ஒரே ராத்திரியில போயிரும். அப்புறம் கை கால் சதையைத்தான் கரைச்சுத் திங்கும். அந்தக் கழிவைச் சுத்தம் பண்ண ஈரலுக்குத் தெம்பில்லை. அது மூளையில போய் உக்காந்துக்கும்."

அக்கா அப்போது வாயைத் திறந்தாள். "அப்ப சஷ்டி, கிருத்திகைக்கெல்லாம் இருக்கக் கூடாதுங்களா அம்மணி?"

"கூடவே கூடாதுங்க."

அக்காவின் முகம் சுருங்கிப்போனது. கல்யாணமான நாளிலிருந்து மாதத்தில் நாலைந்து நாள் விரதம் இருக்கிறவள் அவள். அதையும் நான் விடவில்லை. பட்டினி ஈரல் கொழுப்பைக் கரைக்கும் என்றால், இத்தனை வருஷம் பட்டினி கிடந்தவளுக்கு ஏன் இந்த வியாதி வந்தது என்று கேட்டேன். விரதத்தை என்ன வைத்து முடிப்பீர்கள் என்று அவர் அக்காவிடம் திருப்பிக் கேட்டார். வாழைப்பழம், ஜவ்வரிசிப் பாயசம், அடுத்த நாள் காலையில் நெய் விட்ட பொங்கல் என்று அக்கா வரிசையாகச் சொன்னாள். ஒரு நாள் விட்டதை மறுநாள் சேர்த்துப் பிடித்தால் கணக்கு நேராகிவிடும் என்றார் அவர். பிறகு, "உடல்வாகும் இருக்குதுங்க. எல்லாத்துக்கும் காரணம் சொல்லீர முடியாது" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால் அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

வீட்டுக்கு வந்து தராசு வாங்கினேன். காலையில் இரண்டு முட்டை, மத்தியானம் ஒரு கரண்டிச் சோறும் தட்டு நிறையக் காயும், சாயங்காலம் ஆறரைக்குள் சுண்டலோ கொஞ்சம் மீனோ. அதோடு வாய்க்குப் பூட்டு. இனிப்பு கிடையாது. பசியையும் அளந்து பார்த்தேன். எனக்குப் பசி வந்தது வயிறு காலியானபோது இல்லை, கம்பெனியில் டீ வருகிற பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும்தான். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் இருபது நிமிஷத்தில் தானாக அடங்கியது. நாற்பத்து நாலு வயது வரைக்கும் நான் பசி என்று நினைத்தது பெரும்பாலும் பழக்கம் என்று தெரிந்தபோது, இத்தனை நாள் ஏமாந்திருக்கிறோமே என்று இருந்தது.

இதெல்லாம் முதல் பத்து நாள். அதற்குள் நான் ஈரல் கொடுக்கப் போகிற செய்தி சொந்தக்காரர்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது.

உடம்பில் ஒரு துண்டை அறுத்துக் கொடுக்கப் போகிறவனுக்குத் தெம்பு வேண்டாமா? பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து அன்னூர் வரைக்கும் என்னைக் கூப்பிட்டு விருந்து வைக்காத வீடு இல்லை. நாட்டுக்கோழிச் சாறு, நல்லெண்ணெய் மிதக்கும் குழம்பு. ஒரு சித்தி ஆட்டு ஈரலாகவே பார்த்து வாங்கி மிளகு போட்டு வறுத்து வைத்திருந்தார். "ஈரல் குடுக்கறவன் ஈரல் திங்கோணும் கண்ணு. அப்பத்தான் திரும்ப வளரும்" என்றார். டாக்டர் வேண்டாம் என்கிறார் என்று சொன்னால், "அவுரு கெடக்கறாரு, ஒரு வாய் சாப்புட்டுப்போட்டுப் போ" என்பார்கள். புரட்டாசி பிறந்து கறி நின்றது. அதற்குப் பதில், ஒப்புட்டு என்று நாங்கள் சொல்கிற போளி நெய் ஊற்றி வந்தது. இலையில் வைத்ததை மறுத்து எழுந்திருக்க எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்வதுகூடப் பொய். எனக்குப் பிடித்திருந்தது. அத்தனை பேர் என்னைத் தியாகி மாதிரி பார்த்துக்கொண்டே பரிமாறியதும் பிடித்திருந்தது. தராசில் ஏறுவதை மெல்ல நிறுத்திவிட்டேன்.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு ஸ்கேன் எடுத்தார்கள். கொழுப்பு கொஞ்சம்தான் குறைந்திருந்தது. போதாது, இன்னும் ஒரு மாசம் பார்க்கலாம் என்றார் டாக்டர். அக்காவுக்கு அந்த ஒரு மாசம் இருக்குமா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. போனில் அக்காவிடம், "என்ன பண்ணியும் கரைய மாட்டேங்குதாம்" என்றேன். அவள் "சரி கண்ணு, பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டாள்.

தீபாவளி முடிந்து ஐந்தாம் நாள் காலையில் அன்னூருக்குப் போனேன். அக்கா என்னைப் பார்த்து, "எப்ப வந்தே?" என்றாள். சொன்னேன். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்துவிட்டு மறுபடியும் "எப்ப வந்தே?" என்றாள். கை லேசாக உதறியது.

தினமும் காலையில் அவளை ஒரு நோட்டில் கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தார்கள். ஈரல் கெட்டவர்களுக்கு மூளை மந்தமானால் முதலில் கையெழுத்து கோணும் என்பதற்காக. மச்சான் அவள் போட்டாளா என்று மட்டும் பார்த்திருக்கிறார். நான் நோட்டை எடுத்துக் கடைசி ஏழு நாளையும் வரிசையாகப் பார்த்தேன். தீபாவளிக்கு மறுநாள் வரைக்கும் கையெழுத்து நேராக இருந்தது. அதற்கு மறுநாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கோட்டுக்குக் கீழே இறங்கிக்கொண்டே வந்து, அன்றைக்குப் போட்டதில் எழுத்தே இல்லை, வெறும் நெளிவு. கம்பெனியில் இப்படி ஓர் அளவு நாளுக்கு நாள் சரிந்தால் மிஷினை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுவேன்.

"மச்சான், ராத்திரி சாப்பாடு சாப்புடறாளா?"

"நாந்தான் மாப்ள தட்டுல போட்டுக் குடுக்கறேன். சாமி கும்புட்டுட்டுச் சாப்புடறேன்னு உள்ள எடுத்துட்டுப் போவா. காலையில கேட்டா ஆச்சும்பா."

சாமி மாடத்துக்கு எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது. முருகன் படத்துக்குப் பின்னால் ஒரு எவர்சில்வர் டப்பா. அதற்குள் நாலு ராத்திரிக்கான சாப்பாடு. ரொட்டித் துண்டும் வேகவைத்த பயறும் பூசணம் பிடித்துக் கிடந்தன. சாப்பாட்டைக் கொட்டுவதற்கு அவளுக்கு மனம் வராது. அன்றைக்குக் கந்த சஷ்டியின் ஐந்தாம் நாள்.

காரில் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். கூப்பிட்டால் கண்ணைத் திறந்தாள், என் பேரைச் சொல்லத் தெரியவில்லை. நான் அவ்வளவு பயந்தது அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

குளுக்கோஸ் ஏற்றி, வயிற்றைச் சுத்தம் செய்யும் மருந்து கொடுத்து, மூன்றாம் நாள் தெளிந்தாள். தெளிந்ததும் நான் சண்டைதான் போட்டேன். கூடாதென்று அத்தனை தெளிவாகச் சொல்லியும் எதற்காக இந்த வேலை, செத்துப்போயிருந்தால் என்ன ஆகும் என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். நர்ஸ் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"உன்ற ஈரல் கரையோணும்னு வேண்டிக்கிட்டேன் கண்ணு" என்றாள் அக்கா. "நீ ஒருத்தனே கெடந்து பாடுபடறயேன்னு."

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. அக்கா, நான் ஒன்றும் பாடுபடவில்லை, சித்தி வீட்டில் ஈரல் வறுவல் தின்றேன், ஒப்புட்டு தின்றேன், எல்லார் வீட்டிலும் தின்றேன் என்று சொன்னேன்.

அவள் ஆச்சரியப்படவில்லை. "தெரியும். உன்ற பொண்டாட்டி சொன்னா" என்றாள். "நீ இருக்க மாட்டேன்னு தெரிஞ்சுதான் நான் இருந்தேன்."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தம்பிக்குப் பதிலாக அக்கா ஒரு வேலையைச் செய்வது போல, அத்தனை சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு அவமானம் தாங்கவில்லை.

மறுநாளிலிருந்து தராசு கூடத்துக்கு வந்தது. விருந்துக்குக் கூப்பிட்டவர்களிடம், "நான் ஒரு வாய் சாப்பிட்டா அக்கா ஒரு வேளை பட்டினி கெடப்பாளுங்க" என்று ஒரே பதில் சொன்னேன். அதற்கப்புறம் யாரும் இலை போடவில்லை. சித்தி மட்டும் நெல்லிக்காய் கொடுத்தனுப்பினார். முதல் வாரம் தலைவலித்தது, வாயில் ஒரு மாதிரி இனிப்பு நாற்றம் அடித்தது. கொழுப்பு எரிகிற வாடை அதுதான் என்று உணவு ஆலோசகர் போனில் சொன்னபோது, ஊதி ஊதி மோந்து பார்த்துக்கொண்டேன். உள்ளே நடக்கிற வேலைக்கு வெளியே ஓர் அத்தாட்சி கிடைத்ததில் எனக்கு ஏக சந்தோஷம். எடை ஏழு கிலோ இறங்கியது.

கார்த்திகையில் எடுத்த ஸ்கேனைப் பார்த்து டாக்டர் தலையாட்டினார். உடம்பில் வேறெங்கும் குறைவதற்கு முன்னால் ஈரல்தான் முதலில் கொழுப்பை விட்டுக்கொடுக்கும், அது கொஞ்சம் நல்ல பிள்ளை என்றார். தொப்பை அப்படியே இருக்கிறதே என்று நான் கேட்டதற்குச் சிரித்தார். பத்து நாளில் இரண்டு பேரையும் ஆபரேஷனுக்கு அடுத்தடுத்த அறைகளில் படுக்க வைத்தார்கள். எனக்கு நினைவு வந்தபோது வயிற்றில் தீ வைத்தது போல இருந்தது. அக்காவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கண் மஞ்சள் இறங்க ஆரம்பித்துவிட்டது என்றார்கள்.

போன ஐப்பசியில் சஷ்டி தொடங்கிய அன்று காலையில் அன்னூருக்குப் போனேன். அக்கா சாப்பாட்டு மேசையில் இட்லி தின்றுகொண்டிருந்தாள். கையெழுத்து நோட்டு இப்போது பால்காரர் கணக்குக்குப் போய்விட்டது. என்னையும் சாப்பிடச் சொன்னாள். நான் வேண்டாம் என்றேன். இந்த வருஷம் ஆறு நாளும் ஒரு வேளைதான், என்ன ஆகிறதென்று பார்க்கலாமே என்று சும்மா இருக்கிறேன் என்றேன். அவள் நம்பின மாதிரி தெரியவில்லை.

"உனக்கு விரதம் இல்லாம ஒரு மாதிரி இல்லையாக்கா?" என்று கேட்டேன்.

அவள் இடது கையால் வலது விலாவைத் தொட்டுக்கொண்டாள்.

"நான் எதுக்குக் கண்ணு இருக்கோணும்? பட்டினி கெடந்துபோட்டு வந்ததுதானே உள்ள இருக்குது. இனி அதுக்குச் சோறு போடறதுதான் என்ற வேலை" என்று சொல்லிவிட்டு, இன்னொரு இட்லியை எடுத்து வைத்துக்கொண்டாள்.