ஜெமுல்போ சேற்றில் கேட்ட துடுப்புச் சத்தம்

கடல் வற்றியதும் வெளியே தெரியும் ஜெமுல்போ சேற்றில் நாங்கள் இரண்டு பேர் இறங்கினோம். நான் மட்டும் கரையேறினேன். என்ன நடந்தது என்று கேட்ட எல்லோரிடமும் ஒரே மாதிரிதான் சொல்லியிருக்கிறேன். ஒரு வார்த்தை கூட்டியதில்லை, குறைத்ததில்லை. துக்கத்தில் இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். பேதலித்திருந்தால் எனக்கு நல்லதாகத்தான் இருந்திருக்கும்.

முதலில் என் புருஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் தால்சு. துறைமுகத்தில் படகு வலிப்பவர். கரைக்கும் கப்பலுக்கும் ஆள் ஏற்றி இறக்குவார். அவருக்கு இடது தோள் சரியில்லை. துடுப்பை இரண்டு முறை வலிப்பார், ஒரு மூச்சு நிறுத்துவார், மறுபடி இரண்டு. அந்தத் துடுப்புச் சத்தத்தை வைத்தே, வீட்டுக்குள் இருந்தபடி அவர் படகு வருவது எங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஜப்பான்காரனும் ரஷ்யாக்காரனும் மோதிக்கொண்ட வருஷம் அது. நாங்கள் யார் பக்கமும் இல்லை என்று எங்கள் ராஜாவின் அரண்மனை உலகத்துக்கெல்லாம் சொல்லியிருந்தது. குண்டுக்கு அது தெரியுமா? சண்டை எங்கள் துறைமுக வாசலிலேயே நடந்தது. வீட்டுக் கூரையில் படிந்திருந்த பனி அதிர்ந்து அதிர்ந்து கீழே விழுந்தது.

மதியத்துக்கு மேல் ரஷ்யாவின் பெரிய கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து, எரிந்துகொண்டே உள்ளே திரும்பி வந்தது. மற்ற நாட்டுக் கப்பல்களின் படகுகள் அடிபட்டவர்களை ஏற்றப் போயின. ஊரே மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. தால்சு துடுப்பை எடுத்தார்.

"இது நம்ம சண்டையா?" என்றேன்.

"கத்துறது நம்ம காதுல விழுதே," என்றார்.

போய்விட்டார்.

அந்தி நேரத்தில் ரஷ்யாக்காரர்கள் தங்கள் கப்பலைத் தாங்களே மூழ்கடித்தார்கள். அது இடது பக்கமாகப் புரண்டு விழுந்ததை எல்லோரும் பார்த்தார்கள். தால்சுவின் படகை மட்டும் யாரும் பார்க்கவில்லை. ரஷ்யாக்காரர்கள் தங்கள் ஆட்களை எண்ணிப் பார்த்து அழைத்துப் போனார்கள். ஜப்பான்காரர்கள் தெருவெல்லாம் விளக்குக் கட்டினார்கள். தால்சு இவர்கள் யாருடைய கணக்கிலும் இல்லை.

தண்ணீரில் போனவனின் உடல் கிடைக்காவிட்டால் ஆவியையாவது கரையேற்ற வேண்டும். இல்லையென்றால் அது தன் இடத்துக்கு ஆள் தேடும். அதனால் சாமியாடும் பெண்ணை அழைத்து வந்தோம். அவள் அரிசி நிறைத்த பித்தளைக் கிண்ணத்தை வெள்ளைத் துணியில் முடிந்து கடலில் இறக்கினாள். மேலே இழுக்கும்போது அரிசிக்குள் தலைமுடி இருந்தால், போனவன் வந்துவிட்டான் என்று அர்த்தம்.

முடி இருந்தது. மஞ்சள் நிற முடி.

அவள் துணியை அங்கேயே அறுத்து விட்டாள். "கீழ நிறைய பேர் இருக்காங்க. நான் கூப்பிடுற பாஷை அவங்களுக்குப் புரியல. உன் புருஷனை விட மாட்டேங்கிறாங்க," என்றாள். அதற்குப் பிறகு எவ்வளவு கெஞ்சியும் அவள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

வீட்டில் நானும் என் நாத்தனார் புன்னேயும் மிஞ்சினோம். புன்னே தால்சுவின் ஒரே தங்கை. பத்தொன்பது வயது. கடல் வற்றும்போது சேற்றில் சிப்பி தோண்டி விற்றுப் பிழைத்தோம்.

மறு வருஷம் பனி உருகிய சமயம். கடல் வெகு தூரம் வற்றிய ஒரு பகல். சேற்றை அறுத்து ஓடும் ஓடைக்கு அப்பால், புரண்டு கிடந்த அந்த ரஷ்யக் கப்பலின் வயிறு தண்ணீருக்கு மேலே துருப்பிடித்துத் தெரிந்தது. கடற்காகம் எந்தக் கல்லிலும் உட்காரும், அதன் மேல் மட்டும் உட்காராது.

"அண்ணி, நீங்க குனிஞ்சு நிமிர்றதுக்குள்ள சிப்பிக்கே வயசாயிடும்," என்றாள் புன்னே.

"வாய்க்குப் பதிலா கையை ஆட்டுடி. போற வீட்ல இந்த வாய் செல்லாது."

"எந்த வீட்டுக்கு? என்னை அனுப்பிட்டு யார்கூட சண்டை போடுவீங்க?"

இருவரும் சிரித்தோம். அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் கடைசி.

மூடுபனி இறங்கியது. முதலில் ஊர் மேடு மறைந்தது. பிறகு துறைமுகத்துக்கு எதிரே இருந்த தீவு மறைந்தது. கடைசியில் கப்பலும் மறைந்தது. எங்கள் கடலுக்குத் திரும்பி வரும்போது வேகம் அதிகம், ஓடுகிறவனையும் பிடித்துவிடும். "போதும், கிளம்பு," என்றேன். நாங்கள் நடந்து வந்த கால்தடம் சேற்றில் தெளிவாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே கரைப் பக்கம் திரும்பி நடந்தோம்.

கொஞ்ச தூரம் போனதும் நிலக்கரி எரியும் நாற்றம் வந்தது. அன்று துறைமுகத்தில் புகை விட்ட கப்பல் ஒன்றுகூட இல்லை.

பிறகு அந்தக் கோடு. எங்கள் கால்தடத்துக்குக் குறுக்கே, சேற்றில் ஒரு படகின் அடிமரம் இழுத்துப் போன பள்ளம். நாங்கள் வரும்போது அது இல்லை. தண்ணீரே இல்லாத இடத்தில் படகு எப்படி...?

புன்னே என் முகத்தைப் பார்த்தாள். நான் பள்ளத்தைத் தாண்டி நடந்தேன்.

அப்போதுதான் கேட்டது.

கிரீச்... கிரீச்...

ஒரு மூச்சு நின்றது.

கிரீச்... கிரீச்...

சத்தம் கடல் பக்கத்திலிருந்து வரவில்லை. தண்ணீரே இல்லாத சேற்றின் பக்கத்திலிருந்து வந்தது.

"அண்ணா," என்றாள் புன்னே. கூப்பிடவில்லை. மெதுவாகச் சொன்னாள், அவ்வளவுதான்.

"நடடி. திரும்பாதே."

"அண்ணி, அது அண்ணனோட..."

"தெரியும். நட."

அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். கணுக்காலில் தண்ணீர் ஏறியது. கால்தடங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. துடுப்புச் சத்தம் எங்களுக்குப் பக்கவாட்டில் கூடவே வந்தது. நாங்கள் நின்றால் அதுவும் நின்றது.

பனிக்குள்ளிருந்து குரல் வந்தது. அவருடைய குரல்தான். சந்தேகமே இல்லை.

"ஏறுங்க. இடமிருக்கு."

தால்சு தங்கையை ஒரு நாளும் இப்படி மொட்டையாகக் கூப்பிட்டதில்லை. 'ஏய் எலிக்குட்டி' என்றுதான் கூப்பிடுவார். அந்தக் குரல் எங்களை யாரென்றே அறியாத ஆட்களைப் போலக் கூப்பிட்டது.

"ஏறுங்க. இடமிருக்கு."

அதே சொல், அதே இழுப்பு.

"அது உங்க அண்ணன் இல்ல, புன்னே."

"அண்ணன் இல்லாம யாரு? தண்ணி முழங்காலுக்கு வந்துடுச்சு. கரை எங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியுமா, அண்ணி?"

எனக்குத் தெரியவில்லை.

அவள் கை சேற்று வழுவழுப்பில் என் பிடியிலிருந்து நழுவியது.

நான்கு எட்டு வைத்தாள். எனக்கு அவள் முதுகு நன்றாகத் தெரிந்தது. அவளுக்கு முன்னால் படகு இல்லை. எதுவுமே இல்லை.

அவள் பாவாடையைத் தூக்கிப் பிடித்தாள். படகின் விளிம்பைத் தாண்டுகிறவள் போலக் காலை உயர்த்தினாள்.

ஏறினாள்.

தண்ணீருக்கு மேலே நின்றாள்.

உட்கார்ந்தாள்.

அப்படியே, உட்கார்ந்தபடியே, பனிக்குள் நகர்ந்து போனாள்...

கிரீச்... கிரீச்...

நான் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பதில் வந்தது. ஆனால் அது அவள் குரல் இல்லை. மிக அருகே, என் காதோரம் கேட்டது.

"ஏறுங்க..."

ஓடினேன்.

எந்தத் திசை என்று தெரியாது.

இடுப்பு வரை தண்ணீர்.

நெஞ்சு வரை.

பிறகு கல்.

கரை.

மூன்று நாள் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கடல் கொண்டுபோய்விட்டது என்று ஊர் முடிவு கட்டியது. நானும் அதையே நம்பப் பார்த்தேன்.

அந்தக் கோடையின் முடிவில் ஜப்பான்காரர்கள் கப்பலை நிமிர்த்தி மிதக்க வைத்தார்கள். பக்கத்து வீட்டு மான்சிக் அங்கே கூலி வேலைக்குப் போனவர். ஒரு நாள் சாயங்காலம் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"கப்பல் எழும்பினப்ப அடியில ஒரு படகு தெரிஞ்சுது, தங்கச்சி. தால்சு படகு," என்றார்.

நான் அடுப்பிலிருந்து பார்லிக் கஞ்சியை இறக்கி வைத்தேன்.

"அன்னிக்கு சாய்ஞ்ச கப்பல் அது மேலேயே விழுந்திருக்கு. சேத்தோட சேத்தா அமுக்கிடுச்சு. இத்தனை நாளும் அதுக்குள்ள ஒரு குச்சி நுழைய இடம் கிடையாது. உள்ள வெள்ளைக்காரங்க எலும்பு கிடந்துச்சு. துடுப்புப் பக்கத்துல தால்சு எலும்பு." அவர் நிறுத்தினார். "நடுவுல புன்னே."

"எலும்பா?"

"இல்ல. புன்னேதான். உக்காந்திருந்தா."

"எடுக்கலையா?"

"கயிறு கேட்டேன். கப்பல் வேலையைப் பாருன்னு அடிச்சு விரட்டிட்டாங்க. அதுக்குள்ள தண்ணி ஏறிடுச்சு. மறுநாள் போய்ப் பார்த்தா அங்க வெறும் சேறுதான்."

போகத் திரும்பியவர் மறுபடி நின்றார். என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னார்.

"படகு முழுக்கச் சேறு, தங்கச்சி. அவ மேல மட்டும் ஒரு துளி இல்ல. அவ தலைமுடி... காஞ்சு இருந்துச்சு."