ஆலாபனை நடுவே ஓர் இருமல்

என் காசநோயின் முதல் அறிகுறி ஒரு கேசட்டில் பதிவாகியிருக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில், பெங்களூரில் ஒரு ராமநவமிப் பந்தலில் நடந்த சிதார் கச்சேரி அது. மைக்செட் கடையில் வேலை பார்த்த என் மைத்துனன் மகேஷ், வித்வானிடம் அனுமதி கேட்டு, பந்தல் கம்பத்தில் டேப்ரிக்கார்டரைக் கட்டியிருந்தான். அதன் அடியில் நான் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் தொம்மலூர் வீட்டில் போட்டுக் கேட்டோம். ஆலாபனையில் வித்வான் ஒரு சுரத்தில் வந்து நிற்கிறார். தரப் தந்திகள் (சிதாரின் அடியில் ஓடும் மெல்லிய தந்திகள், தொடாமலே மேல் தந்திகளோடு சேர்ந்து அதிரும்) மட்டும் ஒலிக்கின்றன. அந்த இடத்தில் கரகரவென்று ஓர் இருமல்.

“எவனோ ஒரு தரித்திரம் புடிச்சவன் கெடுத்துட்டான் மாமா,” என்றான் மகேஷ்.

“அது உன் மாமாதான்டா. ஒரு மாசமா ராத்திரியெல்லாம் இதைத்தான் கேட்டுட்டிருக்கேன்,” என்றாள் என் மனைவி சாந்தி. அவள் சிரிக்கவில்லை. அந்த வாரமே என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

சளியில் கிருமி இருந்தது. மாத்திரைகளோடு ஸ்ட்ரெப்டோமைசின் (காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து) ஊசியும் போட்டார்கள். இருமல் நின்றது, உடம்பில் சதை பிடித்தது. பொம்மசந்திரா கம்பெனிக்கு வேலைக்குத் திரும்பலாம் என்றிருந்தபோது காதுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம் ஆரம்பித்தது. டாக்டரிடம் சொன்னேன். பலவீனம் என்றார். மறுபடியும் சொன்னேன். கேஸ் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, “ஜீவ பேக்கா, கிவி பேக்கா?” என்று கேட்டார். உயிர் வேண்டுமா, காது வேண்டுமா?

“எரடூ பேக்கு சார்,” என்றாள் சாந்தி. இரண்டும்தான் வேண்டும். ஊசி தொடர்ந்தது.

எல்லாம் முடிந்த பிறகு ஆடியோகிராம் (காதுக்கு எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று காட்டும் வரைபடம்) எடுத்தார்கள். மெல்லிய, உச்சமான ஒலிகள் போய்விட்டன, திரும்பி வராது என்றார்கள். வீட்டுக்கு வந்து கேசட்டைப் போட்டேன். தரப் தந்திகள் இல்லை. இருமல் மட்டும் கணீரென்று கேட்டது.

பிழைத்ததே பெரிது என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். அவர்கள் காது அவர்களிடம் இருக்கிறது. எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

இந்த ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். காதில் இரைச்சல் கேட்டால் அன்றைக்கே சொல்லுங்கள். பலவீனம் என்றால் நகராதீர்கள், காதைப் பரிசோதிக்கச் சொல்லி அங்கேயே நில்லுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். மாற்று மருந்து உண்டா என்று கேளுங்கள். எனக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை.

சில வருடம் கழித்து மகேஷ் அந்தக் கச்சேரியைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, சி.டி.யாக்கிக் கொண்டுவந்தான். “இருமலை அப்படியே தூக்கிட்டேன் மாமா. இப்ப சுத்தமா இருக்கு.” முகமெல்லாம் சந்தோஷம்.

மூவரும் உட்கார்ந்து கேட்டோம். அந்தச் சுரத்தில் சிதார் நின்றது. அவனும் சாந்தியும் கண்ணை மூடிக்கொண்டார்கள். எனக்குக் காதுக்குள் இருக்கும் விசில்தான். இருமல் வரும் வரும் என்று காத்திருந்தேன். அதற்குள் வித்வான் அடுத்த சுரத்துக்குப் போய்விட்டார்.

“பழைய கேசட்டைத் தூக்கிப் போட்டுடலாமா மாமா?”

“வேணாம்டா. அந்த இடத்துல எனக்குக் கேக்கறது அது ஒண்ணுதான்.”

கேசட் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் இருமுகிறவனுக்கு நெஞ்சு கெட்டுப்போயிருக்கிறது, அது அவனுக்குத் தெரியாது. ஆனால் இருமி முடித்ததும் அவனுக்குத் தந்திகள் கேட்கின்றன.