தடா ஏரிக்கரையில் 26 கிலோமீட்டர்: லாரி இல்லாத பாதையும் முப்பது மீட்டர் சேறும்

லாரி வராத பாதை ஒன்று வேண்டும் என்று ஒரு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தேன். நகரியில் இருந்துகொண்டு சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இது புரியும். எந்தப் பக்கம் திரும்பினாலும் கடைசியில் சென்னை–திருப்பதி சாலையில்தான் போய் முட்டுவோம். போன வருஷம் வடமாலபேட்டை தாண்டி ஒரு டிப்பர் என்னை ஓரத்துக்கு ஒதுக்கியதில் பள்ளத்தில் விழுந்தேன். காறை எலும்பு முறிந்தது. ஆறு வாரத்தில் எலும்பு கூடிவிட்டது. ஆனால் பின்னாலிருந்து ஹாரன் கேட்டால் கால் தானாகத் தரையில் ஊன்றிவிடும். இறங்கி நின்று, வண்டி போன பிறகுதான் மறுபடி ஏறுவேன். இப்படி ஓட்டினால் புத்தூர் போவதற்கே பொழுது விடிந்துவிடும்.

என் தங்கை கலாதான் தடாவைக் கண்டுபிடித்தாள். எங்கள் வீட்டு நான்கு பவர்லூமையும் அவள்தான் ஓட்டுகிறாள். நான் புத்தூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். தறி ஓடும்போது போனில் வரைபடம் பார்ப்பது அவளுக்குப் பழக்கம். பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையில், தடாவுக்குக் கிழக்கே, வடக்கு நோக்கி நூல் மாதிரி மெல்லிசாக ஒரு மண்கரை போவதைக் காட்டினாள். “அக்கா, இதுல லாரி வர்றதுக்கு வழியே இல்ல பாரு” என்றாள். பொங்கல் கழிந்த இரண்டாவது ஞாயிறு கிளம்பினோம்.

சின்ன லோடு வண்டி ஒன்றைப் போகவர 3,200 ரூபாய்க்குப் பேசி, மண்பாதைக்கென்றே வாங்கிய எங்கள் இரண்டு கிராவல் சைக்கிள்களையும் படுக்கவைத்துக் கட்டினோம். அதிகாலை 4.30க்கு நகரி. நாராயணவனம், நாகலாபுரம், சத்தியவேடு வழியாக சுமார் 85 கி.மீ. தடாவில் இட்லியும் டீயும் இருவருக்கும் 90 ரூபாய். ஏரிக்கரையில் இருக்கும் ஒரு மீனவர் குப்பத்தில் 6.50க்கு இறங்கினோம். டிரைவருக்கு சூளூர்பேட்டையில் வேறு லோடு இருந்தது. ஒரு மணிக்கு வந்து ஏற்றிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

குப்பத்திலிருந்து முதல் 2 கி.மீ. தார்ச்சாலை. இதை வரைபடம் சொல்லவில்லை: காலையில் ஐஸ் லாரியும் மீன் வண்டியும் அதில்தான் வருகின்றன. மூன்று வண்டிகள் வந்தன. மூன்று முறையும் இறங்கி நின்றேன். கலாவும் சைக்கிளை நிறுத்திக் காத்திருந்தாள்.

பிறகு கரை ஆரம்பித்தது. செம்மண்ணும் பொடிக்கல்லும் கொட்டி நிரவிய, பத்தடி அகலப் பாதை. டயரில் காற்றழுத்தத்தை முப்பத்தைந்து பி.எஸ்.ஐ.க்குக் குறைத்துக்கொண்டோம். ஆட்டம் பாதியாகக் குறைந்தது. இடப்பக்கம் உப்புச்செடி படர்ந்த சதுப்பு, வலப்பக்கம் முழங்கால் ஆழத்துக்கு மேல் இருக்காத ஏரி. கடல் கண்ணுக்குத் தெரியாது, வாசனை மட்டும் வரும். தூரத்தில் பூநாரைக் கூட்டம், யாரோ வெளுத்த ரோஜா நிறச் சேலையைத் தண்ணீரில் விரித்துப் போட்ட மாதிரி. டயருக்கடியில் கல் நொறுங்கும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. நான்கைந்து கி.மீ. போன பிறகுதான் கவனித்தேன், என் விரல்கள் பிரேக் மேல் இல்லை. தோளை இறக்கி விட்டுக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்தேன். முன்னால் போன கலா திரும்பிப் பார்த்து, “இன்னாக்கா, பைத்தியமா?” என்றாள்.

பதின்மூன்றாவது கி.மீ.யில் ஒரு பழைய மதகோடு பாதை முடிகிறது. மிக்சர் தின்று, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினோம். மணி 8.40.

திரும்பும் வழியில், தார்ச்சாலைக்கு 4 கி.மீ. இருக்கும்போது கரை ஒரு பெரிய வளைவு போடும். வளைவுக்குள்ளே தண்ணீர் வற்றி, உப்புப் பூத்து, சிமெண்ட் பூசிய களம் மாதிரி வெள்ளையாகக் கிடந்தது. “குறுக்கால போனா ஒரு கிலோமீட்டர் மிச்சம்க்கா” என்றாள் கலா. வேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் சரிவில் இறங்கிவிட்டாள். முதல் இருபது மீட்டர் ஜோராகப் போனாள். முப்பதாவது மீட்டரில் முன்சக்கரம் அப்படியே உள்ளே போயிற்று. தூக்கி எறியப்பட்டு எழுந்து நின்றாள். நின்றதுதான் தப்பு. வெள்ளைக்குக் கீழே கறுப்புச் சேறு. தொடை வரை இறங்கிவிட்டது.

நான் சரிவில் இறங்கி நான்கடி வைத்தேன். என் காலும் உள்ளே போக ஆரம்பித்தது. கரைப்புல்லைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினேன். அவள் போன் சேற்றுக்குள் போயிருந்தது. என் போனில் ஒரு கோடுகூட இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் ஆள் இல்லை. ஆளே இல்லாத பாதை வேண்டும் என்று கேட்டு வந்தவள் நான்தான்.

“ரொம்ப ஆடாத கலா!”

“ஆடலக்கா. ஆனா காத்து திரும்பிக்கினு இருக்கு. தண்ணி வருது பாரு.”

பார்த்தேன். ஏரிப் பக்கமிருந்து காற்று வீசத் தொடங்கியிருந்தது. வெள்ளைத் தரையின் அந்தக் கோடியில் மெல்லிய பளபளப்பு ஒன்று நகர்ந்து வந்தது. ஆழமான தண்ணீர் இல்லை. ஆனால் அவள் தொடை வரை புதைந்திருந்ததால், தரையே அவள் இடுப்புக்குச் சற்றுக் கீழேதான் இருந்தது.

தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் வீசினேன். கைக்கெட்டும் தூரத்தில் விழுந்தது. “நீ போக்கா, யாரையாச்சும் இட்டுக்கினு வா” என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. முகம் அப்படி இல்லை. அவளை அங்கே தனியாக விட்டுவிட்டுக் கிளம்பியதுதான் அந்த நாளில் நான் செய்த கஷ்டமான காரியம். அதற்கப்புறம் நடந்ததெல்லாம் அதைவிடச் சுலபம்.

அந்த 4 கி.மீ.யை எப்படி ஓட்டினேன் என்று நினைவில்லை. கரை முடிந்து தார்ச்சாலையில் ஏறியபோது எதிரே குப்பத்திலிருந்து ஓர் ஐஸ் லாரி வந்துகொண்டிருந்தது. சைக்கிளைப் போட்டுவிட்டு, சாலை நடுவில் போய் இரண்டு கையையும் தூக்கி நின்றேன். டிரைவர் ஹாரனை விடாமல் அடித்தார். நான் நகரவில்லை. பத்தடி முன்னால் லாரி நின்றது.

டிரைவர் ஐம்பது வயதுக்காரர். திட்டத்தான் தலையை நீட்டினார். என் கால்களில் அப்பியிருந்த கறுப்புச் சேற்றைப் பார்த்ததும் குரல் மாறிவிட்டது. “ஏமைந்தி அம்மா? இன்னா ஆச்சு?”

தெலுங்கும் தமிழுமாகச் சொன்னேன். அவர் போனில் சிக்னல் இருந்தது. அவரிடம் தினமும் ஐஸ் வாங்கும் தேசம்மா என்பவரைக் கூப்பிட்டார். பிறகு வண்டியில் தார்ப்பாய் கட்டும் நீளமான கயிற்றை அவிழ்த்து என்னிடம் கொடுத்தார். “இதை எடுத்துக்கினு நீ முன்னால போ. அவங்க பின்னாலயே வருவாங்க. பயப்படாதம்மா, அவங்க இந்தச் சேத்துலயே பொறந்தவங்க.”

நான் கலாவிடம் திரும்பியபோது மணி 9.55. தண்ணீர் அவள் இடுப்பைச் சுற்றி வந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தாள். அதுவரை அழவில்லையாம்.

ஐந்தே நிமிடத்தில் ஒரு மொபெட் வந்தது. ஓட்டியது தேசம்மாவின் கணவர். பின்னால் இரண்டு படகுப் பலகைகளை இடுக்கிக்கொண்டு தேசம்மா. நாற்பத்தைந்து வயதிருக்கும். இறங்கும்போதே திட்டு ஆரம்பித்துவிட்டது. “எங்க ஆளுங்களே இங்க கால வெக்க மாட்டாங்க. வெள்ளையா இருந்தா தரைன்னு நெனச்சிக்கினியா?”

கயிற்றின் ஒரு முனையைக் கணவரிடமும் என்னிடமும் கொடுத்தார். மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒரு பலகை மேல் குப்புறப் படுத்து, அடுத்ததை முன்னால் தள்ளித் தள்ளிப் போனார். கலாவிடம் போனதும் அவசரப்படவே இல்லை.

“கால இழுக்காத. இழுத்தா இன்னும் புடிச்சிக்கும். கட்டில்ல சாயற மாதிரி பின்னால சாஞ்சிக்கோ. ஷூவ உட்டுடு, அது போவட்டும். ஒரு கால மட்டும் ஆட்டு. தண்ணி உள்ள போவும், சேறு எளகும்.”

பயமுறுத்திய அதே தண்ணீர்தான் சேற்றைத் தளர்த்தியது. முதல் கால் வர பத்து நிமிடம். இரண்டாவது சட்டென்று வந்துவிட்டது. பலகையோடு அவர்களைக் கரைக்கு இழுத்தோம். கலா வந்து என் மேல் விழுந்தாள். இரண்டு பேரும் சேறும் உப்புமாக அப்படியே உட்கார்ந்திருந்தோம். அவள் முழங்காலைத் தொட்டுப் பார்த்தேன், கணுக்காலைத் தொட்டுப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. மறுபடி ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். அதற்குள் தேசம்மா இரண்டாவது தடவை போய் சைக்கிளையும் இழுத்து வந்துவிட்டார்.

குப்பத்துக்கு ஓட்டியே திரும்பினோம், கலா வெறுங்காலோடு. தார்ச்சாலையில் ஒரு மீன் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. அது போய்ச் சற்று நேரம் கழித்துத்தான் தெரிந்தது, நான் இறங்கவில்லை. தேசம்மா வீட்டில் குளித்து, அவர் புடவையைக் கட்டிக்கொண்டு, இறால் குழம்பும் சோறும் சாப்பிட்டோம். லாரிக்காரரின் கயிற்றை அங்கேயே விட்டோம். மறுநாள் ஐஸ் கொண்டுவரும்போது வாங்கிக்கொள்வார். அவர் நடுவில் இரண்டு முறை போன் செய்து கேட்டிருந்தார்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பாதை அருமையானது, தைரியமாகப் போங்கள். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை போகலாம். அதற்குமேல் வெயில் தாங்காது, நிழலே இல்லை. நாற்பது மில்லிமீட்டர் டயர் போதும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். கரையில் பெரும்பகுதி சிக்னல் கிடைக்காது, அதனால் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று குப்பத்தில் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். நாங்கள் சொல்லவில்லை. கரையை விட்டு ஒரு அடிகூட இறங்காதீர்கள், எவ்வளவு வெள்ளையாக, எவ்வளவு காய்ந்து தெரிந்தாலும். தனியாகப் போகாதீர்கள்.

கடைசியாக ஒன்று. இது என் யோசனை இல்லை. மறுநாள் காலை கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கலா தறி போட்டுவிட்டிருந்தாள். அந்தச் சத்தம் கேட்டதே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. போன் வந்தது. தேசம்மா. தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்று கேட்பார் என நினைத்தேன்.

“சைக்கிளக் கழுவினீங்களா?”

“இல்லீங்க, நேத்து வந்து அப்படியே படுத்துட்டோம்.”

“மொதல்ல போய்க் கழுவும்மா, நல்ல தண்ணில. உப்பு இரும்பத் துன்னுடும். அப்புறம் அடுத்த வருசம் எதுல வருவீங்க?”