முனியாண்டிக்குக் கொடுத்த மரியாதை

தோட்டப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். பரீட்சை நேரத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க மாட்டேன், கையைத்தான் பார்ப்பேன். முகம் நல்ல பிள்ளையாக நடிக்கும், கை காட்டிக் கொடுத்துவிடும். இந்தப் பழக்கத்தால் யார் மேலும் எனக்கு லேசில் நம்பிக்கை வராது. என் காரில் ப்ரேக் பிடிக்காமல் போனபோதும் முதலில் ஊரில் உள்ள எல்லோரையும் சந்தேகப்பட்டேன்.

எங்கள் வீடு புளத்கொகுபிட்டியவுக்கு மேலே இருக்கிற தோட்டத்தில். டவுனுக்கு எட்டு கிலோமீட்டர், முழுக்க இறக்கம். தலைப் பிரசவத்துக்கு வந்திருந்த மகளை அன்றைக்குக் கிளினிக்குக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தேன். முனியாண்டி கோயிலைத் தாண்டி நாலாவது வளைவில் ஒரு பஸ் ஏறி வந்தது. ப்ரேக்கை மிதித்தேன். பெடல் கருங்கல்லாக நின்றது, கொஞ்சமும் இறங்கவில்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்து, ஒரு டயர் ரோட்டோரத் தண்ணிக் கானில் இறங்க, தேயிலை ஓரத்தில் எப்படியோ நிறுத்தினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மகள் பின் சீட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

மருமகன் கொழும்பில் ஒரு லிஃப்ட் கம்பெனியில் எஞ்சினியர். சனிக்கிழமை விடிந்ததும் வந்து நின்றார். மகளிடம் நலம் விசாரித்தார், தேநீர் குடித்தார், பிறகு லாப்டாப்பைத் திறந்தார்.

"காரணம் தெரியாத வண்டியில இவளை ஏத்த முடியாதுங்க அத்தை. அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள தெரியாட்டி நான் கொழும்புக்கே கூட்டிட்டுப் போயிர்றேன்" என்றார்.

குரல் மரியாதையாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குச் சந்தேகம். பிரசவத்தைக் கொழும்பில் வைத்துக்கொள்ளலாம் என்று அவருடைய அம்மா வளைகாப்பிலேயே பேச்சை எடுத்தவர். இப்போது ப்ரேக் ஒரு சாக்காகக் கிடைத்திருக்கிறது. நானோ அறைக்குப் பெயிண்ட் அடித்து, தொட்டில் கட்டக் கூரையில் கொக்கியும் போட்டு வைத்திருந்தேன். என் பேரப்பிள்ளை முதலில் தூங்குவது அந்தக் கொக்கியில்தான் என்று நான் எப்போதோ முடிவு செய்தாயிற்று.

மருமகன் என்னைக் கேள்வி கேட்டு ஒரு அட்டவணை போட்டார். வேகம் எவ்வளவு, சரிவு எவ்வளவு, மழையா வெயிலா, டயரில் காற்று எவ்வளவு, காலில் போட்டிருந்தது செருப்பா சப்பாத்தா. போனை ரோட்டில் வைத்து ஒவ்வொரு வளைவின் சரிவையும் அளந்தார். காரைப் பதினொரு தடவை இறக்கி ஏற்றினார். ப்ரேக் பதினொரு தடவையும் நல்ல பிள்ளையாகப் பிடித்தது. மறுபடி நடக்காத பிழையைத் திருத்த முடியாது என்று இரண்டு பக்கத்துக்கு எழுதி வைத்துவிட்டு, மெக்கானிக் ப்ரேக்குக்கு எந்த எண்ணெய் ஊற்றினார் என்று கேட்டார். அவருடைய சந்தேகம் மெக்கானிக் மேல்.

டவுனில் கராஜ் வைத்திருக்கிற அந்த மெக்கானிக்கை, முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கிற மாதிரி, நாங்களும் நானா என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் காரைக் கொண்டுபோனபோது அவர் ப்ரேக் பக்கமே போகவில்லை. பெடலை இரண்டு தரம் மிதித்தார். சாவியைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஒரே கேள்வி: யார் ஓட்டும்போது இப்படி ஆனது? எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. போன வருஷம் ஸ்டார்டரை மாற்றிக் கொடுத்த மனிதர் இவர், அப்போதே எதையாவது கழற்றி வைத்திருப்பாரோ என்றும் தோன்றியது. மருமகனின் அட்டவணையைக் காட்டினேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, லிஃப்டுக்கு வளைவு இல்லையே என்றார்.

இந்த இடத்தில், மருமகனிடம் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். பெற்றோல் தட்டுப்பாட்டில் நாள் கணக்காகக் கியூவில் கிடந்த காலத்தில் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. முனியாண்டி கோயில் வந்ததும் கியரை நியூட்ரலில் போட்டு, சாவியை ஒரு சொடுக்கு பின்னால் திருப்பி, எஞ்சினை நிறுத்திவிடுவேன். கார் சத்தமில்லாமல் தானாகவே டவுன் வரைக்கும் இறங்கும். கூட வருகிறவர்கள் கேட்டால் சாமிக்கு மரியாதை என்பேன். மற்ற டிரைவர்கள் அங்கே ஹார்ன் அடித்துக் கும்பிடுவார்கள், டீச்சருக்கு அவர்களைவிடப் பக்தி அதிகம் என்று தொழிலாளர்கள் லயத்து வீடுகளில் பேசிக்கொண்டார்கள். கியூ ஒழிந்தது, பழக்கம் ஒழியவில்லை. எஞ்சின் ஓடியதா என்று அட்டவணையில் ஒரு கட்டம் இல்லை. அப்படி ஒரு கேள்வி எந்த எஞ்சினியருக்கும் தோன்றாது. ப்ரேக்குக்கும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கும் தெரியாது. கஞ்சத்தனம் வெளியே வரக்கூடாது என்பது மட்டும் தெரியும்.

வியாழக்கிழமை காலையில் நானா முதல் பஸ்ஸிலேயே மேலே ஏறி வந்துவிட்டார். கையில் ஒரு ஸ்பேனர்கூட இல்லை.

"டீச்சர் ஓட்டுங்க, நான் சும்மா பக்கத்துல இரிக்கிறன்" என்றார்.

வேவு பார்க்க வந்திருக்கிறார் என்று புரிந்தது. நானும் உஷாராகிவிட்டேன். இன்றைக்கு எஞ்சினை நிறுத்தவே கூடாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். அவர் ரோட்டைப் பார்க்கவில்லை, வண்டிச் சத்தத்தையும் கேட்கவில்லை. பலாக்காய் விலை பேசிக்கொண்டு வந்தார். நானும் பேச்சில் விழுந்துவிட்டேன். முனியாண்டி கோயில் வந்தது. கை தானாகவே போய்ச் சாவியைத் திருப்பிவிட்டது.

எஞ்சின் சத்தம் நின்றது. நானா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் நான் எத்தனை பிள்ளைகளை அப்படிப் பார்த்திருக்கிறேன்.

"எஞ்சின் ஓடினாத்தான் டீச்சர் ப்ரேக்குக்குப் பலம். ஓஃப் பண்ணினா ரெண்டு மூணு மிதிதான் தாங்கும். பொறகு கல்லு" என்றார்.

ஓரமாக நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். மற்ற நாளில் ஹேண்ட்பிரேக்கை லேசாகப் பிடித்தே இறங்கிவிடுவேன், அன்றைக்கு மகள் குலுங்கக்கூடாது என்று முதல் மூன்று வளைவிலும் ப்ரேக்கை மிதித்திருந்தேன். அரை லீட்டர் பெற்றோலுக்காக என் பிள்ளையையும் அதன் வயிற்றில் இருக்கிற பிள்ளையையும் பஸ்ஸுக்கு நேராகக் கொண்டுபோயிருக்கிறேன். வெட்கமா பயமா என்று பிரிக்க முடியவில்லை. இனிமேல் சாவியைத் தொட மாட்டேன் என்று முனியாண்டியைச் சாட்சி வைத்து நானாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்தேன். மருமகனிடம் சொல்லிவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மருமகன் வந்திருந்தபோது நானா கையில் ஒரு பழைய ரப்பர் குழாயோடு வந்தார். இதுதான் பிழை, மாற்றிவிட்டேன் என்று மருமகனிடம் கொடுத்தார். மருமகன் அதை வெயிலில் பிடித்தார், வளைத்தார், போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினார். ஒரு மயிரிழை வெடிப்பைக் கண்டுபிடித்துவிட்டார். சரிவில் சூடு ஏறும்போது மட்டும் அந்த வெடிப்பு எப்படி விரியும் என்று அரை மணி நேரம் எனக்கு விளக்கினார். அட்டவணையில் கடைசிக் கட்டத்தையும் நிரப்பினார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை. மகள் இங்கேயே இருக்கட்டும் என்றார், குழாயைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

எஞ்சினியர்மாருக்குக் கையில் ஒரு பழைய சாமான் கொடுத்தால்தான் மனசு ஆறும் என்று நானா சொல்லிவிட்டுப் போனார். போகிறபோது மகளைப் பார்த்துத் தலையை ஆட்டினார், அவளும் ஆட்டினாள். எனக்கு அது என்னவோ போல் இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை பத்து மணிக்கு வலி வந்தது. மருமகனுக்குப் போன் பண்ணிவிட்டு மகளைப் பின் சீட்டில் சாய வைத்து ஓட்டினேன். அவள் முனகுகிற ஒவ்வொரு தடவையும் எனக்குக் கண் இருட்டியது. எந்த இடத்தில் போகிறோம் என்றே தெரியவில்லை.

"அம்மா, சாவியிலேருந்து கைய எடுங்க."

பார்த்தேன். முனியாண்டி கோயில். சத்தியம் செய்த அதே கை சாவியின் மேல் இருந்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"கியூ காலத்துலேருந்தே பாக்குறேன். நானாவுக்குப் போன் பண்ணிச் சொன்னதே நான்தான்மா."

நானாவின் கெட்டிக்காரத்தனம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் விளங்கியது. உன் புருஷனிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். வலி ஒன்று வந்து போகும்வரை அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னா அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருப்பாரு. எனக்கு உங்ககிட்ட இருக்கணும்."

கண்ணாடியில் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் கியரைப் போட்டேன். டவுனையும் தாண்டி, கேகாலை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.