அக்காவின் தலைப்படம்

ஊர் ஊராய்ச் சுற்றிவிட்டு பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்கு நான் திரும்பியபோது, அக்காவுக்குத் தலைவலி வந்து பல மாதம் ஆகியிருந்தது. கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்தும் இடத்தில் தொடங்கும், கழுத்துக்கு இறங்கும், வாந்தியில் முடியும். பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கும் வேலை கேட்டாள். கொழுந்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு, "நோய் இருக்குன்னு டாக்டர் சொல்லட்டும்" என்றுவிட்டார். அதற்காகத்தான் கண்டிக்கு ஸ்கேன் எடுக்கப் போனோம்.

தலைக்குள் இருப்பதைக் கம்ப்யூட்டர் படமாக்கிக் காட்டும் என்பது எங்களுக்கு அப்போது புதிது. மெஷின் அறைக்காரன், உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்று சிங்களத்தில் சொன்னான். நான் தமிழில் சொன்னேன். அக்கா தோடு, மூக்குத்தி, தாலி எல்லாம் கழற்றித் தந்தாள். கொண்டையையும் அவன் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும்; பார்க்கவில்லை. எண்ணெய்த் தலையைக் கண்டதும் முகத்தைச் சுளித்தான். இரண்டு விரலால் ஒரு காகிதத்தை விரித்து, அதன்மேல் தலையை வைக்கச் சொன்னான்.

படத்தில் பின்மண்டையிலிருந்து வெள்ளைக் கோடுகள் நாலா பக்கமும் ஓடின. தோட்டத்து மருந்துக்காரர் அதை ஜன்னலில் பிடித்துப் பார்த்தார்.

"மூளையில கட்டி. வேர் விட்டிருச்சு."

அன்றே அக்காவின் புருஷன், என் மச்சான், அவளுக்குத் தனித்தட்டு எடுத்து வைத்தார். "ஒட்டிக்குமா இல்லையான்னு யாருக்குங்க தெரியும்?" என்று லயத்துக்கே கேட்கும்படி சொன்னார். கண்டாக்கு இரக்கப்பட்டார். "பாவம், இனி நீ மலைக்கு வர வேணாம்மா. பிள்ளைக் காம்பராவுல இரு."

அக்கா என்னைப் பார்த்து, "பாத்தியாடா, சாகப் போறேன்னாத்தான் லேசான வேல கெடைக்குது" என்றாள்.

கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குப் படத்தைக் கொண்டுபோனோம். டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். படத்தை வெளிச்சப் பெட்டியில் போட்டதுமே கோபப்பட்டார். "இது கட்டி இல்லை. தலைமுடிக்குள்ள என்ன வச்சிருந்தனீங்கள்?"

அக்கா கொண்டையை அவிழ்த்தாள். மஞ்சள் துணியில் முடிந்த காசு. "மாரியம்மனுக்கு நேந்ததுங்க. திருவிழாவுக்கு உண்டியல்ல போடுற வரைக்கும் கீழ வைக்கக் கூடாதுங்க."

இரண்டாம் முறை படம் எடுக்கும்போது காசை நான் உள்ளங்கையில் பொத்திக்கொண்டு வெளியே நின்றேன். படம் சுத்தமாக வந்தது. "கட்டி ஒண்டும் இல்லை. அதுக்காகத் தலைநோவு பொய் எண்டில்லை, தம்பி. பாரம் சுமக்கிற வேலை வேண்டாம் எண்டு அங்க சொல்லுங்கோ" என்றார் டாக்டர்.

சொன்னேன். கண்டாக்கு சிரித்தார்.

"கம்ப்யூட்டரே ஒண்ணுமில்லங்குது, நீ என்னடா பேசுற? நடிப்புடா. நாளைக்குப் பெரட்டுக்கு வந்து நிக்கச் சொல்லு."

மருந்துக்காரர் கட்டி என்று சொன்னதையே மறுத்தார். மச்சானோ, "வேலைக்குத்தான் வலிச்சிருக்கு அவளுக்கு" என்று அடுத்த வீட்டுக்காரனிடம் சொல்லிச் சிரித்தார். பல ஊர் அழுக்கைப் பார்த்தவன் நான். அன்று அந்த வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் அக்கா கயிற்றைத் தலையில் மாட்டினாள். மலைப் பாதையின் முதல் வளைவிலேயே கூடையை இறக்கிவிட்டு வாந்தி எடுத்தாள். கண்டாக்கு தன் சப்பாத்தில் தெறிக்காமல் இரண்டடி தள்ளி நின்று, அவள் எடுத்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு கூடையைத் தூக்கச் சொல்லி மலை மேலே கையைக் காட்டினார்.