நிலத்துக்குக் காய்ச்சல்

இந்த நாட்டில் சூட்டைச் சுவரில் கொழுவி வைத்திருக்கிறார்கள். ரேடியேற்றர் என்று அதற்குப் பெயர். வெள்ளைப் பெயின்ற் அடித்த தட்டை இரும்பு, உள்ளே கொதிதண்ணீர் ஓடும். அதிலிருந்து கிளம்பும் சூடு எங்களைத் திரும்பியும் பாராமல் நேரே முகட்டுக்குப் போய் அங்கே சொகுசாகக் குந்தியிருக்கும். முகட்டில் எங்கள் ஆட்கள் யாரும் குடியில்லை. நாங்கள் இருப்பது நிலத்தில். எண்பதுகளில் வந்த புதிதில், லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரே அறையில் நண்பர்களோடு அடைந்து கிடந்தபோது, அந்த இரும்பில் முதுகைச் சாய்த்துக்கொண்டு வரிசையாக இருப்போம். முதுகு தீயும், கால் விறைக்கும். இப்படி ஒரு மனிதனை இரண்டு காலநிலையில் வைத்திருக்கும் கலையை வெள்ளைக்காரன் எங்கே படித்தான் என்று அப்போதே எனக்குக் கோபம் வந்தது.

பிறகு குட்மேய்ஸில் மூலைவீடு ஒன்று வாங்கி, கதிரை மேசையெல்லாம் போட்டும் நாங்கள் நிலத்தை விடவில்லை. வீட்டுக்கு வரும் எங்கள் ஆட்களைக் கவனித்துப் பாருங்கள். முதலில் செற்றியில் நிமிர்ந்து இருப்பார்கள். தேத்தண்ணீர் வந்ததும் ஒரு கால் மடங்கி மேலே ஏறும். ஊர்ப் புதினம் தொடங்கியதும் மெல்ல வழுக்கி நிலத்துக்கு வந்து, செற்றியை முதுகுக்கு முண்டு கொடுத்துவிடுவார்கள். என் மனைவி மலர் கீரை ஆய்வதும் நிலத்தில்தான், உடுப்பு மடிப்பதும் நிலத்தில்தான். இரண்டு சோடி சொக்ஸுக்கு மேலே செருப்பும் போட்டுக்கொண்டு, குளிர் குளிர் என்று புறுபுறுத்தபடி அதே நிலத்தில் போய் இருப்பாள்.

இதற்கெல்லாம் சிகரமாக மாமா வந்து சேர்ந்தார். மாமா என்றால் மலரின் அப்பா. ஊரில் ஓவசியராக இருந்தவர். றோட்டு, மதகு, பள்ளிக்கூடக் கட்டடம் என்று மேற்பார்வை பார்த்துப் பழகியவர், பென்சன் எடுத்த பிறகும் மேற்பார்வையை விடவில்லை. மாமி செத்துப்போக, ஷெல்லடிக்கும் சண்டைக்குள் தனியே இருக்க வேண்டாம் என்று மலர் அழுது கூப்பிட்டு எடுத்தாள். வந்த அன்றே அவருக்கென்று வாங்கி வைத்திருந்த கட்டிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கட்டில் வருத்தக்காரருக்குத்தானே தம்பி" என்று சொல்லிப் பாயை நிலத்தில் விரித்தார். அவருடைய சூட்கேஸ் பாயின் தலைமாட்டில் நின்றது. அதிலிருந்து வேண்டியதை எடுப்பார், தோய்த்து மடித்துத் திரும்ப அதற்குள்ளேயே வைப்பார். அலுமாரியை எட்டியும் பார்க்கவில்லை.

முதல் மாரிக் குளிரிலேயே சளி நெஞ்சுக்குள் இறங்கி அம்புலன்ஸ் கூப்பிட வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரியில் டொக்டர் பெண், இவர் இனி நிலத்தில் படுக்கவே கூடாது என்று என்னிடம் கண்டிப்பாகச் சொன்னாள். நான் மொழிபெயர்த்தேன். மாமா அமைதியாகக் கேட்டுவிட்டு, "அப்ப என்ரை ரிக்கற்றுக்குத் திகதி போடும் தம்பி. அடுத்த மாரிக்கு முன்னம் நான் போறன்" என்றார். மாமா இந்த நாட்டில் இருக்கலாம் என்று குரோய்டன் விசாக் கந்தோரிலிருந்தே பதில் வந்துவிட்டது. மாமாவிடமிருந்துதான் வரவில்லை.

மலர் அன்று பின்னேரம் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள். அவள் சண்டை பிடிக்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துப் போனேன். கண் கலங்கி நின்றாள்.

"அப்பா இப்ப திரும்பிப் போனா இனி நான் அவரைக் காணமாட்டன். எனக்குத் தெரியும். அவர் கட்டில்லை படுக்காட்டிப் பரவாயில்லை. படுக்கிற நிலத்தைச் சூடாக்கித் தாங்கோ."

"நிலத்தைச் சூடாக்க அடியிலை அடுப்போ மூட்டிறது?"

"என்னத்தையாவது மூட்டுங்கோ" என்றாள்.

நான் அப்போது ஒரு பெற்றோல் ஷெட்டில் வேலை. காலையில் டீசல் அடிக்க வரும் டெரிக் என்ற பிளம்பரிடம் இதைப் பகிடியாகச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. சில வருடங்கள் ஜெர்மனியில் வேலை செய்தவனாம். அங்கே வீட்டு நிலத்துக்குள் பிளாஸ்டிக் குழாயைப் புதைத்து, பொய்லரிலிருந்து சூடான தண்ணீரை அதற்குள் சுற்ற விடுகிறார்கள், நிலம் முழுக்க மெல்லிய சூடு பரவும், ரேடியேற்றரே தேவையில்லை என்றான். எங்கள் வீட்டின் பின்பக்கத்தை இடித்து, புதுக் குசினியும் அதோடு சேர்ந்தாற்போல் மாமா படுக்க இடமும் கட்ட கவுன்சில் அனுமதி ஏற்கெனவே கிடைத்திருந்தது. அந்தப் புதுப் பகுதிக்குள் போடலாம், பழைய வீட்டின் நிலம் பலகை, அதைத் தொட வேண்டாம் என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரில் கோடை மத்தியானங்களில் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் சீமெந்து நிலத்தில் முதுகு பட விழுந்து கிடப்போம். உடம்புச் சூட்டில் அந்த இடம் வெதுவெதுத்ததும் உருண்டு அடுத்த குளிர்ந்த இடத்துக்குப் போவோம். குளிர்ந்த நிலத்தைத் தேடி வீடு முழுக்க உருண்டவன், இங்கே நிலத்தைச் சூடாக்க ஆள் பிடிக்கிறேன்.

கோடையில், பின்பக்கத்தை இடித்துப் புதுச் சுவர் எழுப்பியதும் டெரிக்கின் வேலை தொடங்கியது. முதலில் குளிர் மேலே வராமல் தடிப்பான பலகைகள் போல ஏதோ நுரைத்தட்டுகளைப் பரப்பினான். அதற்கு மேலே முறுக்குப் பிழிந்ததுபோல் குழாயை வளைத்து வளைத்துக் கட்டினான். நடுவில் ஒரு பொருத்தும் இல்லாத ஒரே குழாய். மலர் வந்து பார்த்து, "நிலத்துக்கு சேலைன் ஏத்தினமாதிரிக் கிடக்கு" என்றாள். குழாய்க்குள் தண்ணீரை நிறைத்து அழுத்தம் கொடுத்து, சுவரோரம் ஒரு மீற்றரும் பூட்டினான். முள் கீழே இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம், அதைத் தினமும் பார்க்கச் சொன்னான்.

மாமா குடையை ஊன்றிக்கொண்டு எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்தார். சீமெந்துக்கு எவ்வளவு மணல் என்று தன் பழைய கந்தோர் ஆங்கிலத்தில் விசாரித்தார். டெரிக்குக்கு அந்த ஆங்கிலம் பிடிபடவில்லை, "ரைட், பொஸ்" என்றான். அவன் தபால்காரனையும் பொஸ் என்றுதான் கூப்பிடுவான். மாமாவோ, தான் முறைப்படி பொறுப்பேற்றுவிட்டதாக எடுத்துக்கொண்டார். குழாயை மூடிச் சீமெந்துக் கலவை போட்டு மட்டம் தட்டி, பொலித்தீனால் மூடிய அன்று டெரிக் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னான்: ஒரு வாரத்தில் பொலித்தீனை எடுங்கள், பிறகு ஜன்னலைத் திறந்துவிட்டு ஒன்றும் செய்யாதீர்கள், தானாகக் காயட்டும், காயாமல் சூடேற்றினால் எல்லாம் வெடித்துப் போகும். மாமா தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். எங்கள் தலையாட்டலை வாசிக்க ஜெர்மனியில் யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவன் திருப்தியோடு போனான்.

நானும் மலரும் பகலில் வேலைக்குப் போய்விடுவோம். ஆவணி போனது, புரட்டாதியும் போனது. நிலம் காயாமல் கறுத்தபடியே கிடந்தது. மீற்றர் முள் ஆடாமல் அசையாமல் நின்றது. இதற்கிடையில் மாமாவுக்கு இருமல் திரும்ப வந்தது. இன்னும் குளிர் தொடங்கவே இல்லை, வேட்டித் தலைப்பு மட்டும் எந்த நேரமும் ஈரமாக இருந்தது. வெறும் அரிசிச் சாக்குகளைப் போட்டு வைக்கும் பின்வளவுக் கொட்டிலில் சாக்கு ஒன்றையும் காணவில்லை. நான் இதையெல்லாம் சேர்த்து யோசித்திருக்க வேண்டும். வேலைக்குப் போய்வந்த களைப்பில் யார் யோசித்தது.

டெரிக் வந்து, முழந்தாளிட்டு நிலத்தைத் தடவினான். முகம் மாறியது. சின்னப் பொலித்தீன் துண்டொன்றை நான்கு பக்கமும் ஒட்டிவிட்டுப் போய் மறுநாள் வந்து பார்த்தான். அடிப்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். மீற்றரைப் பார்த்தான். முள் நின்ற இடத்திலேயே நின்றது. மீற்றரைத் தட்டினான், திரும்பவும் பார்த்தான். கடைசியில், மீற்றர்தான் பழுது, குழாய் எங்கோ ஒழுகுகிறது, நிலத்தை உடைத்துத்தான் பார்க்க வேண்டும், திங்கட்கிழமை ஆட்களோடு வருகிறேன் என்றான். உடைத்துத் திரும்பப் போட்டுக் காயவைக்க அடுத்த தை மாசியாகிவிடும். அதற்குள் மாமா பிளேன் ஏறிவிடுவார். மலர் சுவரில் சாய்ந்து நின்று முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள்.

மாமா வாசலில் நின்றார். வேட்டி, அதற்கு மேல் ஓவர்கோட், தலையில் கம்பளித் தொப்பி, கையில் குடை. தொண்டையைச் செருமிக்கொண்டு டெரிக்கிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "குழாய் சரி. தண்ணீர் விட்டது நான். தினமும் காலையும் மத்தியானமும்."

டெரிக் என்னைப் பார்த்தான். நான் மாமாவைப் பார்த்தேன்.

"என்ன மாமா செய்தனீங்கள்?"

"சீமெந்துக்குத் தண்ணி கட்டாமல் விடுறதே தம்பி? வாசல்லை களிமண்ணாலை வரம்பு கட்டிப்போட்டு, பூவாளியாலை தண்ணி விட்டு, சாக்கு நனைச்சுப் போட்டனான். நீங்கள் வரமுன்னம் எல்லாத்தையும் எடுத்துக் கழுவி ஒளிச்சு வைச்சிடுவன். உந்த ஆள் காய விடு காய விடு எண்டுது. நான் எத்தினை கட்டடக் கொந்திறாத்துக்காரரைக் கண்டனான். தண்ணி அள்ளப் பஞ்சிப்பட்டு எல்லாரும் உதைத்தான் சொல்லுறவை. வெள்ளைக்காரனெண்டவுடனை நீங்கள் வாய் திறக்கமாட்டியள்."

அவர் சொல்வதும் எனக்குத் தெரிந்த கதைதான். ஊரில் எங்கள் விறாந்தைக்குச் சீமெந்து போட்டபோது மேசன் விளிம்பில் வரம்பு கட்டித் தண்ணீரை நிறுத்தியிருந்தார். அந்த வெயிலில் விட்டால் ஒரே நாளில் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துவிடும். நாங்கள் சின்னப் பிள்ளைகள் அதில் கடதாசிக் கப்பல் விட்டு அடி வாங்கினோம். அங்கே சீமெந்தை வெயிலிடமிருந்து காப்பாற்ற வேண்டும். இங்கே வெயில் எங்கே கிடக்கிறது? இரண்டு மாதமாக லண்டன் மழை வெளியிலும், யாழ்ப்பாணத்து ஓவசியர் உள்ளேயும் நின்று நனைத்தால் எந்த நிலம் காயும்?

நான் இதை முடிந்தவரை டெரிக்குக்கு விளங்கப்படுத்தினேன். எதற்காக இவ்வளவு பாடு என்று கேட்டான். மாமா நேரே அவனுக்கே பதில் சொன்னார்: "பலத்துக்கு. நூறு வருசம் நிற்க வேண்டும்."

மலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"மாரிக்கு முன்னம் போறனெண்டுதானே அப்பா நிண்டனீங்கள். போற ஆளுக்கு இந்த நிலம் எத்தினை வருசம் நிண்டா என்ன?"

மாமா குடையைப் பார்த்தார். பிறகு, "குறையிலை கிடக்கிற வேலையை விட்டிட்டு ஒருத்தரும் போறேல்லை, பிள்ளை" என்று முணுமுணுத்துவிட்டுப் போய்ப் பாயில் படுத்துக்கொண்டார். மலர் என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் எங்கள் கலியாணத்திலும் காணவில்லை. டெரிக் ரோர்ச் லைற் அடித்து, மூலை முடுக்கெல்லாம் வெடிப்புத் தேடினான். ஒரு மயிரிழை கூட அகப்படவில்லை. அது அவனுக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது.

ஈரத்தை உறிஞ்சும் மெசின் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஓடவிட்டோம். பூவாளியை மலர் வேலைக்குப் போகும்போது கையோடு கொண்டு போனாள். மாமா போவதைப் பற்றிப் பேசவில்லை, இருப்பதைப் பற்றியும் பேசவில்லை. நிலம் மெல்ல வெளுத்துக் காய்ந்து, மேலே ஓடு பதித்து முடிய மார்கழி வந்துவிட்டது. டெரிக் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டைக் கூட்டினான். ஒரு பின்னேரம் மலர் செருப்பையும் இரண்டு சோடி சொக்ஸையும் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு குசினி முழுக்க நடந்து பார்த்தாள். பிறகு அப்பாவின் பாயைக் கொண்டுவந்து விரித்து, அவரைக் கையில் பிடித்துக் கூட்டி வந்தாள்.

மாமா படுத்தார். நாங்கள் இருவரும் நின்று பார்த்தோம். வலப்பக்கம் திரும்பினார். இடப்பக்கம் திரும்பினார். உள்ளங்கையை நிலத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எழும்பி இருந்தார்.

"பிள்ளை, நிலத்துக்குக் காய்ச்சல்" என்றார். "இதிலை என்னெண்டு படுக்கிறது? தலை கொதிக்குது."

மலரின் முகம் விழுந்துவிட்டது. நான் பொய்லரோடு போய் மல்லுக்கட்டினேன், சூட்டைக் குறைத்தேன். மாமா பாயைச் சுருட்டினார். மலர் அன்று சாப்பிடாமல் போய்ப் படுத்தாள்.

விடியத் தேத்தண்ணீர் போட இறங்கி வந்தவன் வாசலில் திகைத்து நின்றேன். பழைய வீடும் புதுப் பகுதியும் சந்திக்கும் அந்த வாசற்படிக்குக் குறுக்கே பாய் கிடந்தது. டெரிக்கின் குழாய் அந்த வாசலோடு நின்றுவிடுகிறது. மாமா கால் இரண்டையும் சூடான ஓட்டில் நீட்டி, தலையைப் பழைய பலகை நிலத்துக் குளிரில் வைத்து, தலைமாட்டில் சூட்கேஸையும் நிறுத்திவிட்டு நிம்மதியாக நித்திரை கொண்டார். இருமல் இல்லை. மலரை எழுப்பிக் கொண்டுவந்து காட்டினேன்.

அன்றிலிருந்து மாமா அங்கேதான். குசினிக்குப் போக வேறு வழி இல்லை. படுத்திருப்பவரைத் தாண்டிப் போகும் பழக்கம் எங்களிடம் இல்லை, அதுவும் மாமனாரை. ஆகவே ஒவ்வொரு விடியலும் நான் கோட்டும் சப்பாத்தும் போட்டு, முன்கதவால் வெளியே இறங்கி, பனிக்குள் வீட்டைச் சுற்றிப் போய், பின்கதவைத் திறந்து என் குசினிக்குள் நுழைகிறேன். பக்கத்து வீட்டு டொரின் கிழவி ஜன்னலால் இதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, இன்றைக்கும் உன்னை வெளியில் விட்டுப் பூட்டிவிட்டார்களா என்று கேட்டாள். இல்லை, மாமனார் படுத்திருக்கிறார் என்றேன். அவள் என் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தாள். மாமனாரை எதிர்த்து நிற்கத் துணிவில்லாதவன் என்று தெரு முழுக்க இப்போது எனக்கு அனுதாபம்.

போன கிழமை நல்ல பனி. கை விறைக்கத் திறப்பைத் தேடிக் கதவைத் திறந்து, சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு பதுங்கிப் பதுங்கி உள்ளே வந்தேன். இந்தப் பக்கம் மாமாவின் இரண்டு பாதங்கள், சொக்ஸ் இல்லாமல், சிவந்து, சுகமாக. அந்தப் பக்கம் இருட்டுக்குள் தலையும் சூட்கேஸும். கேத்தலைத் தொடப் போனேன். கண்ணைத் திறக்காமலே வாசலிலிருந்து குரல் வந்தது.

"தம்பி, கதவைச் சாத்தும். எங்கட சூடெல்லாம் வெளியிலை போகுது."